மாலை சூட்டலாமா?

காரமடைத் தோழர்கள் மடல் ஒன்று விடுத்திருக்கிறார்கள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், மாசித் தேருக்கும் கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கும் பெயர் பெற்ற அந்த ஊரில், நமது படிப்பகத்தில் ஒரு வழக்கு எழுந்திருக்கிறது. வாய்ச்சண்டை அன்று, கொள்கை வழக்கு. அதைத் தீர்த்து வைக்குமாறு நம்மைக் கேட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். பொது ஒலிபரப்பில் சேர்ந்து, உழவர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரிய நிகழ்ச்சிகளை நெடுங்காலம் உருவாக்கி, பின்னர் அப்பிரிவின் தலைமைப் பொறுப்பையும் ஏற்ற ஒருவர் ஓய்வு பெறவிருக்கிறார். அவர் அந்த வட்டாரத்துப் பிள்ளை. பெயரை நாம் குறிப்பிடவில்லை. பணியில் இருப்பவர்க்கு நம் ஏட்டில் பெயர் வருவது எப்போதும் நன்மையாக முடிவதில்லை என்பதைத் தோழர்கள் அறிவர். அவரைப் படிப்பகத்துக்கு அழைத்து, மாலை சூட்டி, பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள் மூத்தவர்கள். இளைஞர் ஒருவர் எழுந்து மறித்தார். ‘ஆகாசவாணி என்னும் பெயரைத் தமிழின் தலையில் ஏற்றிய நிறுவனம் அது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்சியாளரின் குரலை மட்டுமே ஒலித்த குழல் அது. அதன் அலுவலர்க்கு நாம் மாலை சூட்டலாமா?’ என்று கேட்டார். கைதட்டலும் கிடைத்திருக்கிறது.

அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய உழவர் ஒருவர், எந்தப் பக்கமும் சேராமல், ஒரே ஒரு சொல் சொன்னாராம்: ‘அந்தப் பெட்டி சொன்னதையெல்லாம் நாங்க கேட்டுக்கிட்டோமுங்க. நாங்க சொன்னதை அந்தப் பெட்டி என்னைக்காச்சும் கேட்டுதுங்களா?’

கூட்டம் அத்தோடு கலைந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

தோழர்களே! நமது விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். மாலை சூட்டலாம், சூட்டவும் வேண்டும். இளைஞரின் சினத்தில் நியாயம் இல்லை என்பதற்காக அன்று. அவர் சினம் சென்று விழுந்த இடம் தவறு என்பதற்காக. ஆனால் மாலையோடு நிறுத்திவிட்டால், அந்த முதியவரின் கேள்விக்கு விடை சொல்லாமல் தப்பியவர்களாவோம். ஆகவே இந்த வழக்கைச் சற்று விரித்தே பேச வேண்டியிருக்கிறது.

ஒலிபரப்பு என்றால் டில்லியின் சொத்து என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம். எண்ணும்படி செய்யப்பட்டோம் என்பதே பொருந்தும். தமிழ்நாட்டில் ஒலிபரப்பு டில்லியிலிருந்து வந்ததன்று. 1924இல் சென்னையில் ஆர்வலர்கள் சிலர் ஒன்றுகூடி வானொலிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பணமின்றி 1927இல் அது ஓய்ந்தது. கருவி மட்டும் எஞ்சியது. அந்தக் கருவியை எடுத்து, 1930இல் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது யார் தெரியுமா? சென்னை மாநகராட்சி. தெருவிளக்கும் குடிநீரும் குப்பை அகற்றலும் பார்க்கிற மாநகராட்சிதான் வானொலியும் நடத்தியது. மாலையில் பாட்டு, அத்துடன் பள்ளி நாட்களில் பிற்பகல் வேளையில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே இசைப் பாடமும் கதையும். 1938இல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறக்கும் வரையில் இது நடந்தது.

இதை ஏன் நினைவூட்டுகிறோம்? கல்வி ஒலிபரப்பு என்பது இந்நாட்டில் பிற்காலத்து அமைச்சர் எவரோ கண்டுபிடித்த புதுமை அன்று என்பதை உணர்த்துவதற்காக. ஏழைப் பிள்ளைகள் படித்த நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்காக, அந்த நகரத்தின் வரிப்பணத்தில், அந்த நகரத்தின் மன்றமே நடத்தியது அது. அன்னியன் ஆட்சிக் காலத்தில்!

இன்னொரு செய்தியும் உண்டு. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 129ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மாகாண அரசு ஒலிபரப்பு நிலையம் அமைக்க விரும்பினால், அந்த உரிமையைத் தர மத்திய அரசு நியாயமின்றி மறுக்கலாகாது என்றது அப்பிரிவு. வெள்ளையன் நமக்கு உரிமையை வாரி வழங்கினான் என்று கூறவரவில்லை. கட்டுப்பாடுகளும் உடன் இருந்தன. ஆயினும் கதவு ஒன்று இருந்தது. நாடு விடுதலை பெற்று, 1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்தக் கதவு இருந்த இடத்தில் சுவர் எழுந்தது. ஒலிபரப்பு மத்தியப் பட்டியலின் 31ஆம் இனத்தில் சேர்ந்தது. பழைய 129ஆம் பிரிவைப் போன்ற ஒன்று புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. கல்வி மட்டும் மாநிலப் பட்டியலில் நின்றது.

வகுப்பறை மாநிலத்துக்கு, வகுப்பறையில் ஒலிக்கும் பெட்டி டில்லிக்கு. இந்த இரண்டு வீட்டாருக்கும் நடுவில், எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார உரிமையின்றி நின்று உழைத்தவர்கள்தாம் கல்வி ஒலிபரப்பாளர்கள். காரமடைத் தோழர்கள் மாலை சூட்ட எண்ணும் மனிதரும் அவர்களில் ஒருவர்.

அவர்களுள் தலையாய ஒருவரின் வரலாற்றைச் சொன்னால் இளைஞரின் கேள்வி இன்னும் கூர்மையாகும். கூர்மையாக்கியே விடை காண்போம்.

பி.வி.கிருஷ்ணமூர்த்தி பர்மாவில் பிறந்தவர். அங்கே வாழ்ந்த பல்லாயிரம் நம்மவரைப் போலவே இரண்டாம் உலகப் போர் அவரையும் இந்தியாவுக்குத் துரத்தியது. 1944இல் அகில இந்திய வானொலியின் அயல்நாட்டுப் பிரிவில் சேர்ந்தார். இசை அறிந்தவர். படிப்படியாக உயர்ந்து, தொலைக்காட்சி வந்தபோது அதில் ஈடுபட்டு, 1976இல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனமானபோது அதன் முதல் தலைமை இயக்குநரானார். ஓய்வுக்குப் பின் நெடுநாள் வாழ்ந்து, 2019 அக்டோபரில், தொண்ணூறைக் கடந்த வயதில் சென்னையில் மறைந்தார். செய்தித்தாள்களில் வந்தது, நாமும் படித்தோம், மறந்தோம்.

1976 ஏப்ரல் முதல் நாள் தூர்தர்ஷன் தனி நிறுவனமாயிற்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1976 சனவரி 31ஆம் நாள், தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த கழக ஆட்சி கலைக்கப்பட்டது. சிறைச்சாலைகள் நிரம்பின. ஏடுகளின் பக்கங்கள் தணிக்கையாளரின் மைக்கு இரையாயின. அந்த நாட்களில் வானொலியும் தொலைக்காட்சியும் யாருடைய குரலை ஒலித்தன என்பதை அந்தக் காலத்தைக் கண்டவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதே ஆண்டு நிறைவேறிய 42ஆவது திருத்தத்தின் வாயிலாக, கல்வியும் மாநிலப் பட்டியலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் பொதுப்பட்டியலில் வைக்கப்பட்டது. பெட்டியும் அவர்களுடையது, இனி வகுப்பறையிலும் அவர்களுக்குப் பங்கு என்றாயிற்று.

அப்படிப்பட்ட ஆண்டில், அப்படிப்பட்ட நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்தவரைப் போற்றுவதா? காரமடை இளைஞர் இதைக் கேட்டால் நாம் சினம் கொள்ள மாட்டோம்.

ஆனால் அதே மாதங்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 சூலை 31 வரையில், ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாகக் கல்வி புகட்டும் சோதனை ஒன்று இந்நாட்டில் நடைபெற்றது. ‘சைட்’ என்று சுருக்கமாக அழைத்தார்கள். விக்ரம் சாராபாய் கண்ட கனவு. 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு உடன்படிக்கை ஆயிற்று. 1971இல் அவர் மறைந்த பிறகு மற்றவர்கள் நிறைவேற்றினார்கள். அமெரிக்காவின் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுசெல்லப்பட்டது. வானத்திலிருந்து வந்த அலையைப் பிடிக்க ஒவ்வோர் ஊரிலும் 3 மீட்டர் அகலத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டை எதனால் செய்தார்கள்? கோழி அடைக்கிற கம்பிவலையால்! விலை குறைவு, ஊர்க் கொல்லனும் பழுது பார்த்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு நான்கு மணி நேர ஒளிபரப்பு. காலையில் ஒன்றரை மணி பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி பெரியவர்களுக்கு, உழவும் உடல்நலமும் பிறவும். விடுமுறைக் காலத்தில் ஆசிரியர்க்கு அறிவியல் பயிற்சி, பல்லாயிரவர் பயின்றார்கள்.

பெட்டியையும் தட்டையும் பொறியாளர்கள் செய்தார்கள். பெட்டியில் என்ன வர வேண்டும், எந்த மொழியில் வர வேண்டும், ஒரிசாவின் குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கு எந்தச் சொல் விளங்கும் என்ற பொறுப்போ ஒலிபரப்பாளர்களுடையது. கிருஷ்ணமூர்த்தி சாராபாயுடன் தொடக்கம் முதல் இந்தப் பணியில் ஈடுபட்டவர். கட்டக்கிலும் ஐதராபாத்திலும் டில்லியிலும் நிகழ்ச்சிகள் உருவாயின. ஒரியாவும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் பேசிற்று அந்தப் பெட்டி. ஒரே இந்தியை ஆறு மாநிலத்துக்கும் அனுப்பிவிட்டால் செலவும் குறையும், தொல்லையும் குறையும். தாய்மொழியில் சொன்னாலன்றிச் சொன்னது சென்று சேராது என்பதை அவர்கள் மேடையில் முழங்கவில்லை. நிகழ்ச்சி செய்து காட்டினார்கள். நாம் மாநாடுகள் கூட்டிச் சொன்ன கொள்கையை, டில்லியின் கூரையின்கீழ், டில்லியின் ஊதியத்தில், செயலில் மெய்ப்பித்தவர்கள் அவர்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு ஒரு மாலை நம்மிடமிருந்து கடன் நிற்கிறது.

(அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் என்பவையே அந்த ஆறும். பின்தங்கிய மாவட்டங்களைத் தேடி எடுத்தோம் என்றார்கள். நமக்குக் கிடைத்தது, 1975 ஆகஸ்டு 15இல், சென்னை நகருக்கு ஒரு நிலையம். காரமடைக்கு அந்த நாளில் அதன் நிழல்கூட எட்டவில்லை.)

ஓராண்டு முடிந்தது, இரவல் கோள் உரியவரிடம் திரும்பியது, பல ஊர்களில் பெட்டி இருண்டது. இருள் கவிந்ததற்குக் காரணம் ஒலிபரப்பாளர்கள் அல்லர். அமைச்சகத்தின் ஒரு கையெழுத்தில் தோன்றி, இன்னொரு கையெழுத்தில் மறைகிற அமைப்பே காரணம். குசராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்னும் சிற்றூர். அங்கே ஒரு சிறு நிலையம் சைட் காலத்தில் தொடங்கி, அந்த மாவட்டத்து மக்களின் பேச்சில், அவர்களின் கூலிச் சிக்கலையும் குடும்பச் சிக்கலையும் அவர்களையே நடிக்க வைத்துக் காட்டி, உலகப் பரிசும் பெற்றது. 1980களின் நடுவில் அதை மூட ஆணை வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் அந்த ஊர் மக்களே. அறிவாளிகள் அறிக்கை விடுவதற்கு முன்பே குடியானவர் குரல் கொடுத்தனர். தங்களைக் கேட்ட பெட்டி அது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காரமடை முதியவரின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது.

கேட்கிற பெட்டி என்று ஒன்று உண்டா? உண்டு, பெரியவரே! இருந்தது. 1956இல் பூனா நிலையத்தைச் சேர்ந்த ஒலிபரப்பாளர்கள், ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தேர்ந்து, ஊருக்கொரு வானொலி மன்றம் கண்டார்கள். வாரம் இருமுறை பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். அரைமணி நேரம் வானொலி பேசும். பிறகு பெட்டியை நிறுத்திவிட்டு மன்றத்தார் பேசுவார்கள். நிலையம் சொன்ன உரம் நம் மண்ணுக்கு ஆகுமா, சொன்ன விதை கிடைக்குமா, கடன் யார் தருவார் என்று வாதிட்டு, ஐயத்தையும் மறுப்பையும் எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அடுத்த நிகழ்ச்சியில் நிலையம் விடை சொல்லியாக வேண்டும். மன்றம் இல்லாத ஊர்களைக் காட்டிலும் மன்றம் உள்ள ஊர்களில் அறிவு வளர்ந்தது மிகுதி என்று ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். பின்னர் அதை நாடு முழுவதும் பரப்புவதாகத் திட்டமும் போட்டார்கள். எண்ணிக்கை பெருகியது, உயிர் குறைந்தது. மன்றம் நடத்த ஊரில் ஆள் வேண்டும். விடை சொல்ல நிலையத்தில் ஆள் வேண்டும். இரண்டுக்கும் பணம் ஒதுக்குவாரில்லை.

படிப்பகத்தில் ஏட்டை ஒருவர் படிக்க, பலர் கேட்டு, பிறகு வாதிட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. பூனாவில் செய்ததும் அதுவே. ஏட்டுக்குப் பதில் வானொலி. ஆதலின் இந்த முறையின் அருமை நமக்கு விளங்குவதுபோல் வேறு எவர்க்கு விளங்கும்?

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அதைக் கூறாமல் மேலே செல்வது நன்றியன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லைத் தந்தது. தஞ்சைத் தரணியின் குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலி நாள்தோறும் அதைப் பற்றிப் பேசிற்று. நாற்று எப்போது, நடவு எப்போது, நீர் எவ்வளவு, பூச்சி கண்டால் என்ன செய்வது என்று, வல்லுநரையும் அதைப் பயிரிட்ட உழவரையும் ஒருங்கே பேச வைத்தது. அந்த நெல் பரவிய வேகத்தில் அதன் எண்ணும் எழுத்தும் மக்கள் நாவில் நிற்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஆராய்ச்சியாளர் வைத்த பெயரை ஒதுக்கிவிட்டு, தனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசானின் பெயரையே நெல்லுக்குச் சூட்டினான் தஞ்சை உழவன். எந்த அரசும் கொடுக்காத பட்டம் அது. அந்தப் பட்டத்தைப் பெற்றவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? நிலையத்தின் பெயர் தெரியும். நெல்லின் பெயர் தெரியும். நாள்தோறும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவரை நாம் அறியோம். ஓய்வு பெற்ற நாளன்று அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து நடந்திருக்கும். அவ்வளவே.

1966இல் கோவைக்கும் வானொலி நிலையம் வந்தது. வேளாண் கல்லூரி உள்ள நகரம்; நெல்லுக்கும் கரும்புக்கும் ஆராய்ச்சி நிலையம் உள்ள நகரம்; சுற்றிலும் பருத்தியும் சோளமும் வாழையும் விளைகிற மண். கொங்கு நாட்டு ஊராட்சிகளில் வானொலி அறை கட்டி, கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி, மாலையில் ஊரே கூடிக் கேட்ட காலம் அது. இப்போது அறுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கம்பத்தடியில் உட்கார்ந்து கேட்டவர்கள்தாம்.

காரமடைக்கு அருகிலேயே பெரியநாயக்கன்பாளையம் இருக்கிறது. அங்கே வித்தியாலயம் கண்ட தி.சு.அவினாசிலிங்கம் காங்கிரசுக்காரர், நாம் அவரோடு உடன்படாத இடங்கள் பல. ஆயினும் கொங்கு நாட்டில் பிறந்த அவரும் பெ.தூரனும் உழைத்துத் தந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் நம் படிப்பகங்களிலும் உண்டு. அதை எடுத்துப் புரட்டும் போது அவர் எந்தக் கட்சி என்று எவரும் கேட்பதில்லை. அறிவைத் தமிழில் தந்தவர்க்கு நாம் தரும் மரியாதைக்கு அதுவே முன்மாதிரி. இளைஞர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கல்வி ஒலிபரப்பும் போற்றத்தக்கதாய் இருந்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சியில் ‘நாடளாவிய வகுப்பறை’ என்று ஒன்றைத் தொடங்கியது. நோக்கம் சிறந்தது; சிற்றூர்க் கல்லூரி மாணவர்க்கென்றே செய்தார்கள். மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம். நாடு அளாவியது, வகுப்பறையில் உட்கார வேண்டியவன் வாசலில் நின்றான். ஒரிசாக் குடியானவனுக்கு ஒரியாவில் சொல்ல வேண்டும் என்று 1975இல் தெரிந்திருந்த பாடம் ஒன்பதே ஆண்டுகளில் மறந்துபோயிற்று.

இனி நடப்புக்கு வருவோம். இளைஞர் சுட்டிய பெயர்ச் சிக்கல் உண்மையானது. 1957இல் ‘ஆகாசவாணி’ என்ற பெயரை அகில இந்திய வானொலிக்குச் சூட்டியபோது தமிழ்நாடு ஏற்கவில்லை. ‘வானொலி’ என்ற சொல் நம் நாவில் நிலைத்தது. அந்தச் சொல்லின் அழகுக்கு இணை இல்லை. 2023 மே மாதத்தில், இனி எங்கும் ‘ஆகாசவாணி’ என்றே வழங்க வேண்டும் என்று பிரசார் பாரதி ஆணையிட்டபோது, நாடாளுமன்றக் கழகக் குழுத் தலைவர் டி.ஆர்.பாலு அதைத் திரும்பப் பெறுமாறு அமைச்சருக்கு எழுதினார். பெயருக்காகக் குரல் எழுப்பினோம், செய்தது சரியே.

ஆனால் தோழர்களே, அதற்கு ஏழு மாதங்களுக்கு முன் பெயரைவிடப் பெரியது ஒன்று வந்தது. 2022 அக்டோபர் 21ஆம் நாள் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிவுரை அனுப்பியது. மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒலிபரப்புத் தொழிலில் இறங்கலாகாது. ஏற்கெனவே நடத்துகிற கல்வி அலைவரிசைகளைப் பிரசார் பாரதியுடன் உடன்பாடு செய்துகொண்டு அதன் வழியே நடத்த வேண்டும். 2023 டிசம்பர் 31க்குள் இதை முடிக்க வேண்டும். இதுவே அதன் சாரம். மொழி மென்மையானது, ‘அறிவுரை’ என்று பெயர். அது குறிவைத்தவற்றுள் நம் பிள்ளைகளின் கல்வித் தொலைக்காட்சியும் உண்டு.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் தொடங்கப்பட்டது. தொடங்கியது நம் எதிரணியின் ஆட்சி. அதனால் என்ன? நல்லதை நல்லது என்று சொல்லக் கூச்சம் வேண்டுவதில்லை. 2020இல் பெருந்தொற்று வந்து பள்ளிக்கதவுகள் அடைபட்ட போது, கைப்பேசிக்கும் இணையத்துக்கும் வழியற்ற வீடுகளில் பாடம் நுழைந்த வாயில் அதுதான். நமது அரசுப் பள்ளி ஆசிரியர்களே பாடம் எடுத்தார்கள். நம் பாடநூல்; நம் மொழி; நம் ஆசிரியர்.

1930இல் சென்னை மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலிபரப்பு நடத்தலாம். 1935இல் மாகாண அரசு கேட்டால் நியாயமின்றி மறுக்கலாகாது. 1995இல் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்று தீர்ப்பளித்தது. 2022இலோ, ஒரு மாநில அரசு தன் பிள்ளைகளுக்குத் தன் பாடத்தை ஒளிபரப்ப ஒன்றியத்தின் நிறுவனத்தை நாட வேண்டும்! நாம் முன்னேறுகிறோமா, பின்னேறுகிறோமா?

மறுபக்கமும் ஒன்று உண்டு. மாநில ஆட்சியின் கையில் அலைவரிசை இருந்தால் அது ஆளுங்கட்சியின் பறையாகிவிடும் என்பார்கள். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கல்வி அலைவரிசையில் பாடத்தைவிட அமைச்சர் முகம் மிகுதியாகத் தோன்றும் நாள் வருமானால், அது நம் ஆட்சியாக இருப்பினும், முதற்கல் நம் ஏட்டிலிருந்தே விழ வேண்டும். அதற்குப் பரிகாரம் டில்லியின் கைக்கு மாற்றுவது அன்று. 1976இல் டில்லியின் கையில் இருந்தபோது என்ன ஒலித்தது என்பதைத்தான் மேலே கண்டோம். 1978இல் வர்கீசு குழுவும் தன்னாட்சியையே பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. தன்னாட்சி என்று பலகை எழுதினார்கள். பணப்பெட்டியின் திறவுகோலை அமைச்சகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஆசிரியரும் பெற்றோரும் உழவரும் அமர்ந்த குழு ஒன்று நிகழ்ச்சியை முடிவு செய்யட்டும். அரசு பணம் மட்டும் தரட்டும். இதைச் சொல்லும் துணிவு முதலில் நமக்கு வேண்டும்.

காரமடைத் தோழர்களுக்குச் சில சொற்கள். பாராட்டுத் தீர்மானத்தில் ‘கல்விக் காவலர்’, ‘வானொலி வேந்தர்’ என்ற பட்டங்கள் வேண்டாம். அந்த மனிதர் அவற்றுக்கு நாணுவார். அவர் செய்த நிகழ்ச்சிகளில் ஊர் இன்னும் நினைவில் வைத்திருப்பவை எவை என்று வீடு வீடாகக் கேட்டு, அவற்றின் பெயரை எழுதுங்கள். எந்த நிகழ்ச்சியைக் கேட்டு யார் எந்தப் பயிரை மாற்றினார், எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தேறியது என்பதை அவரவர் வாயால் மேடையில் சொல்லச் செய்யுங்கள். தீர்மானத்தின் இரண்டாம் பகுதியாக, 2022ஆம் ஆண்டு அறிவுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், பழைய 129ஆம் பிரிவு தந்த அளவு உரிமையாவது மாநிலங்களுக்கு வேண்டும் என்றும் எழுதி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். படி ஒன்று நமக்கும் வரட்டும்.

மாலைக்குப் பின் அவரைப் பேச அழையுங்கள். கேட்பதோடு எழுந்து போய்விட வேண்டாம். படிப்பகத்தில் வாரம் ஒருநாள், பூனாவில் செய்ததுபோல, பண்ணை நிகழ்ச்சியையும் பள்ளி நிகழ்ச்சியையும் கூடிக் கேட்டு, வாதிட்டு, கேள்வி எழுதி நிலையத்துக்கு அனுப்பும் மன்றம் ஒன்று அமையுங்கள். நிலையம் விடை சொல்லாவிட்டால் மறுபடி எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்க்கு இனி நேரம் இருக்கும். மன்றத்தை நடத்தித் தருமாறு அவரையே கேளுங்கள். மறுக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம்.

மறுத்துப் பேசிய இளைஞரைக் கொண்டே மாலையைச் சூட்டச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம்; இதைப் படித்த பின்னும் அவருக்கு உடன்பாடில்லை எனில், அவர் மறுப்பையும் மேடையிலேயே சொல்லட்டும். வந்திருக்கும் விருந்தினர் அதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடியவர் அல்லர். கேள்விக்கு விடை சொல்வதே அவர் தொழிலாக இருந்தது.

பின்வரிசைப் பெரியவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதலில் அவர் பேசட்டும். கூட்டத்துக்குத் தெருவெங்கும் ஒலிபெருக்கி கட்ட வேண்டாம். பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம்.